நாற்பது துளியும் அதற்கு மேலும்

மல்லிகை வாசனை எண்ணெய்ப் போத்தலின் ஒட்டுத்தாளில் நான் முதல் பென்சில் கோடு போட்டது தவக்காலத்தின் இரண்டாவது புதன்கிழமை. எண்ணெய் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு, பக்கத்தில் திகதி. முப்பது மில்லிலீற்றர் பிடிக்கும், மூடியில் றப்பர்ச் சொட்டி உள்ள மண்ணிறக் கண்ணாடிப் போத்தல் அது. வெளிச்சத்துக்குப் பிடித்தால்தான் மட்டம் தெரியும். அன்று யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை.

எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மன்னார்த் தீவில், பேசாலையில் நானும் என் தம்பியின் மனைவியும் ஒன்றரை வருடமாக வீட்டில் கிறீம் செய்கிறோம். நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை அப்படித்தான். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், தேன்மெழுகு மூன்றையும் ஒரு சட்டியில் போட்டு, கொதிநீருக்குள் அந்தச் சட்டியை வைத்து உருக்குவது மச்சாளின் வேலை. கை பொறுக்கும் சூட்டுக்கு அது ஆறிய பிறகு வாசனை எண்ணெய் விடுவது என் வேலை. வாசனை எண்ணெய் நேரே தோலில் படக்கூடாத சாமான். வேறு எண்ணெயோடு கலந்து நன்றாக ஐதாக்கித்தான் பூசவேண்டும். அதைப் பற்றிக் கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் வாசித்த பிறகுதான் நான் இதில் இறங்கினேன். நூறு மில்லிலீற்றருக்கு இருபது துளி. நாங்கள் ஒரு தடவைக்கு இருநூறு செய்வோம், ஆகவே நாற்பது துளி. நாற்பது துளி ஏறக்குறைய இரண்டு மில்லிலீற்றர். ஒரு போத்தல் பதினைந்து தடவைக்குக் காணவேண்டும்.

அந்தப் புதன்கிழமை வரை இந்தப் போத்தலில் இருந்து மூன்று தடவைதான் செய்திருந்தோம். ஆறு மில்லிலீற்றர் குறைந்திருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டுக்குக் கிட்டக் குறைந்திருந்தது.

நான் தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்றவள். திகதி இல்லாத கடதாசி என் வீட்டில் கிடையாது. கிறீமுக்கென்று ஒரு தனிக் கொப்பி வைத்திருக்கிறேன். எந்த நாள், எந்த எண்ணெய் எவ்வளவு, எத்தனை துளி, யாருக்கு எந்த டப்பா போனது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன டப்பாவை மாதிரிக்கென்று எடுத்துவைப்பேன். கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று பக்கத்திலும் நாற்பது, நாற்பது, நாற்பது. கொப்பி சரி. அப்படியென்றால் போத்தலில் யாரோ கைவைக்கிறார்கள்.

வீட்டுக்குள் வந்து போகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மச்சாள். மற்றது அவளுடைய மகள், என் மருமகள். அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் மருமகள் எனக்கு முன்வாங்கில் முழங்காலில் நின்றாள். மூன்றாம் தலத்துக்கும் நாலாம் தலத்துக்கும் இடையில் அவளுடைய பின்னலில் இருந்து மல்லிகை மணத்தது. பூ எதுவும் வைத்திருக்கவில்லை. மிச்சத் தலங்களில் நான் சொன்ன செபம் எதுவும் எனக்கு நினைவில்லை.

அடுத்த நாளே போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மச்சாள் மெழுகுக் கட்டியைச் சீவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன மச்சாள், போத்தல் அலுமாரிக்குள்ளை குடிபோகுதோ?”

“வெளிச்சம் பட்டாப் பழுதாப் போகும்.”

“ஒன்றரை வருசமா மேசையிலைதானே இருந்தது? இப்பதான் வெளிச்சம் வந்ததே?” அவள் சிரித்தாள். “அரக்கு உருக்கி முத்திரையும் குத்திவிடுங்கோ. தபால் கந்தோர்க்காரி எண்டாச் சும்மாவே.”

நான் சிரிக்கவில்லை. குற்றமில்லாதவள் ஏன் முத்திரையைப் பற்றிப் பேசவேண்டும் என்று யோசித்தேன்.

நாலாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் செய்தோம். ஐந்தாவது தடவைக்குப் போத்தலை எடுத்துப் பார்த்தபோது சரியாக இரண்டு மில்லிலீற்றர்தான் குறைந்திருந்தது. பூட்டியதும் களவு நின்றுவிட்டது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் ஆறாவது தடவைக்கு எடுத்தபோது ஐந்து குறைந்திருந்தது. சாவி என் கழுத்துச் சங்கிலியில், மாதா சுரூபத்தோடு சேர்ந்து தொங்குகிறது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

அப்போதுதான் இரண்டாவது சாவி நினைவுக்கு வந்தது. அந்த அலுமாரிக்கு இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் தொலைந்துவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்லி வந்தோம். தொலைந்ததைக் கண்டவர் யாருமில்லை. திரும்பி வந்த புதிதில் அந்த அலுமாரி எட்டு மாதம் தம்பி வீட்டில் நின்றது. எட்டு மாதம் என்பதும் என் பழைய நாட்குறிப்பில் இருக்கிறது.

இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் வேலை தொடங்குமுன் மட்டும் கோடு போட்டேன், முடிந்த பிறகு போடவில்லை. முடிந்த பிறகு விரலெல்லாம் எண்ணெய், பென்சில் வழுக்கும். ஆகவே குறைந்தது எல்லாம் நான் இல்லாத நேரத்தில் குறைந்ததாக என் கணக்கு சொன்னது. அதை நான் யோசிக்கவே இல்லை. மச்சாளின் சாவிக் கொத்தை மட்டும் தூரத்தில் இருந்து எண்ணினேன். அதில் ஐந்து சாவிகள் இருந்தன. நாலு எதற்கு என்று தெரியும்.

உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு மூன்றாவது செவ்வாய்க்கிழமை, உயிலங்குளத்தில் இருந்து தொலைபேசி வந்தது. நாங்கள் வருடந்தோறும் புழுங்கலரிசி எடுக்கும் வீடு. வைகாசியில் அவர்களுடைய ஒரே மகளுக்குக் கலியாணம். பெண்ணுக்கென்று தாய் கேட்டு ஒரு டப்பா கிறீம் வாங்கிப்போயிருந்தா. அழுதுகொண்டே பேசினா.

“அக்கா, பிள்ளையின்ரை கழுத்தும் கையும் சிவந்து தடிச்சுப்போச்சு. உங்கடை கிறீம் பூசி நாலாம் நாள். ஆஸ்பத்திரியிலை காட்டினனாங்கள். பூசின ஏதோ ஒத்துக்கொள்ளேல்லை, நிப்பாட்டினா மாறும் எண்டு டொக்டர் சொல்லித் துண்டும் எழுதித் தந்தவர்.”

“அப்ப மாறும்தானே.”

“மாறும் அக்கா. ஆனா ஞாயிற்றுக்கிழமை சட்டை அளவு எடுக்கவெண்டு மாப்பிள்ளையின்ரை தாய் வந்தவ. கண்டிட்டா. துண்டைக் காட்ட, துண்டு ஆரும் எழுதுவிக்கலாம் எண்டிட்டா. பரம்பரைத் தோல் வருத்தத்தை மறைச்சுக் கட்டிக்குடுக்கப் பாக்கிறமாம். வாற கிழமை வெள்ளிதான் பொன்னுருக்கு. அதுக்கு முன்னம் ஒரு முடிவு தெரியாட்டி பொன் உருக்கவிடமாட்டாவாம்.”

பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து உருக்கிவிட்டால், அதன்பிறகு அந்தக் கலியாணத்தை யாரும் நிறுத்துவதில்லை. உருக்காமல் விட்டால் ஏன் விட்டார்கள் என்று ஊர் கேட்கும், அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வரமாட்டார்கள். எங்களுக்கு மிஞ்சி இருந்தது பத்து நாள்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்டது இது: “பிள்ளை வேறை ஏதும் பூசினவவோ? வெள்ளையாக்கிற கிறீம் எண்டு கடையளிலை விக்கிறாங்கள், அது ஏதும்?”

“இல்லை அக்கா,” என்றா. குரல் மாறியிருந்தது.

கொப்பியை எடுத்தேன். அவர்களுக்குப் போனது ஆறாவது தடவை செய்த கிறீம். கீரி என்ற ஊரில் இரண்டு ஆசிரியைகளுக்கு நாலாவது தடவைக் கிறீம் போயிருந்தது. அவர்களிடம் கேட்டபோது ஒரு குறையும் இல்லை என்றார்கள். எங்கள் தெருவிலேயே ஐந்தாவது தடவைக் கிறீம் வாங்கிய ஒரு பெண், கேட்ட பிறகுதான் வாய் திறந்தாள். “தோல் கடிச்சது அன்ரி, சொறிஞ்சுகொண்டே இருந்தனான். எறிஞ்சிட்டன். உங்களுக்குச் சொல்ல ஒரு மாதிரி இருந்தது.”

என் மனம் உடனே இரண்டு விடயங்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. மச்சாள் எண்ணெயை எடுக்கிறாள், மட்டம் குறையாமல் தெரிய வேறு ஏதோ மட்டமான எண்ணெயை ஊற்றுகிறாள், அதுதான் கடிக்கிறது. ஆனால் மட்டம்தான் குறைந்திருக்கிறதே? அந்தக் கேள்வி எனக்கே இடறியது. இடறியதும் சந்தேகத்தை விட்டேனா? இல்லை, ஆளை மாற்றினேன். போத்தலை விற்ற கடைக்காரர் கலப்படம் செய்திருப்பார். ஆவியாகிப் போகும் எதையோ கலந்திருப்பார், அதனால்தான் பூட்டிய அலுமாரிக்குள்ளும் குறைகிறது.

வியாழக்கிழமை விடிய தம்பியின் வள்ளம் நிறையக் கட்டா மீனோடு வந்தது. நானும் மச்சாளும் இன்னும் இரண்டு பெண்களும் பத்து மணிவரை மீன் வெட்டி, குடல் எடுத்து, கருவாட்டுக்கு உப்புப் போட்டோம். கந்தோருக்குப் போன காலத்திலும் விடியக்காலை மீன் வேலையை நான் விட்டதில்லை. பிறகு தேசிக்காய் தேய்த்துக் கை கழுவி, குளித்து, சீலை மாற்றி, பெண்ணுக்குக் கொடுத்த தடவையின் மாதிரி டப்பாவையும் எடுத்துக்கொண்டு மன்னாருக்கு பஸ் ஏறினேன்.

வாசனை எண்ணெய்க் கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மனிதர், எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர் நிறைய சின்னச் சின்னப் போத்தல்கள். நான் சுற்றி வளைக்கவில்லை.

“நானா, நீங்கள் தந்த மல்லிகை கலப்படமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேர கேக்குறீங்க, நல்லது. மத்தவங்க வெளியில போயித்தான் கேப்பாங்க.” டப்பாவை வாங்கித் திறந்தார். மூக்குக்குக் கொண்டுபோக முன்னமே தலையைப் பின்னுக்கு எடுத்தார். “யா அல்லாஹ். அக்கா, இதுல எத்தன துளி?”

“இருநூறுக்கு நாப்பது.”

“இது நாப்பதில்ல.”

“கொப்பியிலை எழுதியிருக்கு.”

“கொப்பி மணக்காது அக்கா, இதுதான் மணக்குது.”

அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஐந்து மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயை அளந்து விட்டார். என் கண்முன்னே புதுப்போத்தல் ஒன்றை உடைத்து ஒரேயொரு துளி சொட்டினார். நூறுக்கு இருபது என்ற அதே கணக்கு. கலக்கி என்னிடம் நீட்டினார். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. டப்பாவை நீட்டினார். மெல்லிய மல்லிகை, இதமாக இருந்தது. அதுதான் நாங்கள் ஒவ்வொரு தடவையும் விரும்பிய மணம்.

கடையில் ஒரு இளம்பெண் நின்றாள். அவர் அவளிடம் இரண்டையும் கொடுத்தார். கிண்ணத்தை மணந்துவிட்டு, “இது நல்லம்,” என்றாள். டப்பாவை மணந்ததும் முகத்தைச் சுளித்தாள். “இது தலையிடிக்கும்.”

அவள் அவருடைய சொந்தக்காரியாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

“அக்கா பேசாலைதானே?” என்றார் அவர். “இண்டைக்கு மீன் வெட்டினீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “ஏன், நாறுதோ?”

“உங்கள்ல ஒண்டும் நாறல்ல. உங்கட மூக்கு இன்னும் அந்த வேலையிலதான் நிக்குது. எங்கட வாப்பாவும் கருவாடு காயவைக்கிற வாடிதான் வச்சிருந்தாரு. வாடிக்குப் போன நாள்ல நான் இங்க ஒரு போத்தலும் கலக்கிறல்ல, எவ்வளவு ஊத்தினாலும் காணாது மாதிரித்தான் இருக்கும். ஞாயித்துக்கிழம உங்கட ஆக்கள் கடலுக்குப் போறல்லதானே? அண்டைக்கு மணந்து பாருங்க. அதுக்குப் பொறகும் கலப்படம் எண்டா வந்து என்ட போர்டக் கழட்டுங்க.”

பழியைத் தன் தலையில் இருந்து என் மூக்குக்கு மாற்றப் பார்க்கிறார் என்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். இருந்தாலும் ஞாயிறு வரை பொறுத்தேன்.

பேசாலையில் சனி இரவு வள்ளம் இறங்குவதில்லை. ஞாயிறு காலை வெட்டவும் உப்பிடவும் மீன் இருக்காது. பூசை முடிந்து, சாப்பிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு இந்தப் போத்தலில் அதுவரை செய்த ஏழு தடவையின் மாதிரி டப்பாக்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். முதலாவது இதமாக மணத்தது. இரண்டாவதைத் திறந்ததும் மூக்கின் உள்பக்கம் எரிந்தது. மூன்றாவது அப்படியே. நாலாவது இதம். ஐந்தும் ஆறும் எரிவு. ஏழு இதம். எனக்குத் தெரியாத ஒருவர் செய்த கிறீம்போல இருந்தது அது.

கொப்பியில் திகதிகளைப் பார்த்தேன். ஒன்று, நாலு, ஏழு ஆகிய மூன்றும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் செய்தவை. ஞாயிறு வேலை செய்வது பாவமில்லையா என்று மச்சாள் கேட்டதும், சொட்டுவதும் கலக்குவதும் வேலையில்லை என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. மற்ற நாலும் கிழமை நாட்களில், காலையில் மீன் வேலை முடித்துவிட்டுப் பின்னேரம் செய்தவை.

இந்த இடத்திலும் எனக்குப் புத்தி வரவில்லை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனேன். மச்சாள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

“கருவாட்டு நாளிலை மட்டும் ஆரோ கூட ஊத்தியிருக்கு,” என்றேன். ஆரோ என்ற சொல்லை அவளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மச்சாள் மடித்த சட்டையைக் கதிரையில் வைத்தாள். “ஓம். நீங்கள்தான்.”

“நான் நாப்பதுக்கு மேலை ஒரு துளியும் விடேல்லை. எண்ணி எண்ணி விட்டனான்.”

“எண்ணினது நாப்பது. அதுக்குப் பிறகு சட்டிக்கு மேலை குனிஞ்சு மணந்து பாத்திட்டு, ‘காணாது, இன்னும் ஒரு அமுக்கு’ எண்டு அந்த றப்பரை அமுக்குவியள். பேந்தும் மணந்து பாப்பியள். பேந்தும் ஒரு அமுக்கு. அது எண்ணுறேல்லையே நீங்கள்.”

நான் கொப்பியைப் பார்த்தேன். நாற்பது என்ற எண்ணை நான் எப்போது எழுதுவேன் என்று யோசித்தேன். வேலை தொடங்க முன், கை சுத்தமாக இருக்கும்போது. சொட்டியில் எண்ணெயை உறிஞ்சி ஒரு அமுக்கு அமுக்கினால் இருபது துளியாவது விழும். மூன்று அமுக்கு அறுபது. நாற்பதோடு சேர்த்தால் நூறு. ஐந்து மில்லிலீற்றர். போத்தலில் குறைந்த கணக்கு சொட்டுத் தவறாமல் அங்கே நின்றது.

“கண்டனீ எண்டா ஏன் சொல்லேல்லை?”

“எனக்கும் மணக்கேல்லை மச்சாள். அதாலை சரிதானாக்கும் எண்டு விட்டன். மற்றது, சொன்னாக் கேக்கிற ஆளே நீங்கள்?” அவள் இன்னொரு சட்டையை எடுத்தாள். எடுத்ததை மடிக்கவில்லை. “போத்தலைப் பூட்டினது எனக்குத்தானே?”

கொப்பியை மூடினேன்.

“பிள்ளையின்ரை தலை மல்லிகை மணத்தது,” என்றேன்.

“சட்டி அடியிலை ஒட்டினதை வழிச்சுக்கொண்டு போய்ப் பூசடி எண்டு அவளுக்குக் குடுத்தது ஆர்? நீங்கள்தான். அதையும் கொப்பியிலை எழுதேல்லைப் போலை.”

எழுதவில்லைத்தான். நான் பிழை விட்டுவிட்டேன் என்றேன். கள்ளி என்று நினைத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மடிக்காமல் வைத்திருந்த சட்டையை மடித்துக்கொண்டே, “அந்தப் பெட்டைக்கு இப்ப என்ன செய்யப்போறியள்? வெள்ளிக்கிழமைக்கு எத்தினை நாள் கிடக்கு?” என்றாள்.

ஐந்து நாள். நான் போய் என் பிழை என்று சொன்னால் மாப்பிள்ளையின் தாய் நம்புவாவா? டொக்டரின் துண்டையே நம்பாதவ. அரிசி வாங்க வருகிறவள் சொல்வதையா நம்பப்போகிறா? கையில் காட்ட ஏதாவது வேண்டும். அன்று பின்னேரமே நானும் மச்சாளும் முழங்கைக்கு உள்பக்கம் கிறீமைப் பூசி, மேலே பஞ்சு வைத்துப் பிளாஸ்ரர் ஒட்டினோம். இடக்கையில் ஞாயிற்றுக்கிழமைக் கிறீம், வலக்கையில் பெண்ணுக்குப் போன கிறீம். நனைக்காமல் இரண்டு நாள். எனக்கு இரண்டாவது இரவே வலக்கை கடித்ததுபோல இருந்தது. சந்தோஷப்பட்டேன்.

செவ்வாய் காலை பிளாஸ்ரரைக் கழற்றினோம். என் இரண்டு கையிலும் ஒன்றுமில்லை. கடித்தது பிளாஸ்ரர்தான். மச்சாளின் இடக்கை சுத்தமாக இருந்தது. வலக்கையில் ஐம்பது சத நாணயக் குற்றியளவில் சிவந்து, சின்னச் சின்னப் பருவாகத் தடித்திருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “வாங்கோ, மாற முன்னம் கொண்டுபோய்க் காட்டுவம்,” என்றாள்.

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஏன் எனக்காக இவள் இவ்வளவு செய்கிறாள் என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வியில்கூட ஒரு சந்தேகம் ஒட்டியிருந்தது. பிறகுதான் விளங்கியது, அவள் எனக்காகப் போகவில்லை, அந்தப் பெண்ணுக்காகப் போகிறாள்.

பாலம் கடந்து, உயிலங்குளத்துக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் தாய் எங்களை வாங்கோ என்றா, இருங்கோ என்று உடனே சொல்லவில்லை. வெள்ளையாக்கும் கிறீமைப் பற்றி நான் கேட்டது அவவுக்கு ஆறவில்லை. பெண் கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சால்வையோடு வந்து நின்றாள். சிவப்பு மங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் தாலிக்கொடி கிடக்கும் இடத்தில் இன்னும் தடிப்பு இருந்தது. நான் அவளிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“அன்ரி, இதை எனக்குச் சொல்லி என்ன?” என்றாள் அவள். “அவவுக்குச் சொல்லுங்கோ.”

மாப்பிள்ளையின் தாயை அழைப்பித்தார்கள். ஒல்லியான, வெள்ளை முடி இறுக்கிக் கட்டிய மனுசி. வந்து கதிரையின் நுனியில் இருந்தா. நான் கொப்பியை விரித்தேன். அவ அதைப் பார்க்கவே இல்லை.

“கொப்பி ஆரும் எழுதலாம்.”

“ஓம் அம்மா. என்ரை கொப்பியையே நான் பிழையா எழுதினதாலைதான் இவ்வளவும்.”

மச்சாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெற்றிலைக் காம்பால் தொடுவதுபோல ஒரு விரல் நுனியால் சிவந்த இடத்தைத் தொட்டா. பெண்ணையும் கூப்பிட்டுக் கழுத்தைப் பார்த்தா.

“உங்களுக்கு வந்திருக்கு. இவ பூசினதெண்டு சொல்லுறா, இவவுக்கு ஏன் வரேல்லை?”

“அவவின்ரை தோல் முப்பது வருசமா உப்பிலை கிடந்த தோல் அம்மா,” என்றாள் மச்சாள். “அதிலை முதலை கடிச்சாலும் அடையாளம் வராது.”

பெண் சால்வைக்குள் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை.

“நீங்கள் மச்சாளும் மச்சாளும். இவ அரிசிக்கு உங்களோடை பழக்கம். மூண்டு பேரும் சேந்து வந்து எனக்குக் கதை சொல்லலாம்தானே? நான் குறையாச் சொல்லேல்லை. எனக்கும் ஒரே பொடியன்.” பெண் பூசிய டப்பாவைக் கையில் எடுத்தா, மூடியைத் திருகி இறுக்கினா. “இது என்னட்டை இருக்கட்டும்.”

எத்தனை நாள் வைத்திருக்கவேண்டும், நனைக்கக்கூடாது, முகத்தில் பூசக்கூடாது, முழங்கைக்கு உள்பக்கம் மட்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவ தலையாட்டினா. யாருடைய கையில் என்று நான் கேட்கவில்லை. தன்னுடைய கையில் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அவவுக்கும் என்னைப்போலத் தடித்த தோலாக இருந்து ஒன்றுமே வராமல் போனால்? வயலில் வெயில் தின்ற கை அவவுடையது. திரும்பி வரும் வழி முழுக்க அதையே யோசித்தேன். மச்சாள் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை உருட்டினாள்.

புதன்கிழமை ஒரு செய்தியும் இல்லை. வியாழன் காலை தம்பியின் வள்ளம் வந்தது. நான் மீன் வெட்டப் போகவில்லை, தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். பெண்ணின் தாய் எடுத்தபோது பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம்.

“அக்கா, அவ தன்ரை கையிலை பூசேல்லை.”

“பின்னை?”

“மாப்பிள்ளையின்ரை கையிலை பூசிக் கட்டிவிட்டிருக்கிறா. தன்ரை கண்ணுக்கு முன்னாலை ரெண்டு நாள் வேலைக்கும் போகவிடாமல் வீட்டிலை இருத்தி வைச்சிருந்தவவாம். இண்டைக்கு மூண்டு மணிக்குக் கட்டை அவிழ்த்துப் பாத்திருக்கினம். பெடியனுக்குச் சிவந்து தடிச்சு, பிள்ளையின்ரை மாதிரியே. அப்ப எங்கடை பரம்பரையிலையும் வருத்தமோ எண்டு அவர் தாயைக் கேட்டவராம்.”

“அதுக்கு அவ?”

“தட்டானுக்கு ஆள் அனுப்பிட்டா.”

வெள்ளிக்கிழமை பொன் உருக்கினார்கள். மாப்பிள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இருந்ததாக அறிந்தேன். மூக்கை எரித்த அந்த நாலு தடவைக் கிறீமில் வெளியே போனவற்றை ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினோம். கேட்ட எல்லோருக்கும் காரணத்தைச் சொன்னேன். மச்சாள் பக்கத்தில் நின்று நான் குறைத்துச் சொன்ன இடங்களை நிரப்பினாள். உயிலங்குளத்து டப்பாவை மட்டும் திருப்பி எடுக்க முடியவில்லை. அது தன்னிடமே இருக்கும் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லிவிட்டா.

கலியாணத்துக்கு எங்களை அழைத்து அவவே பேசினா. “ரெண்டு பேரும் வரவேணும். ஆனா ஒண்டும் பூசிக்கொண்டு வராதேங்கோ. பவுடரும் வேண்டாம்.”

நாங்கள் பவுடரும் பூசாமல் போனோம். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பிள்ளைகளை ஒரு கையால் மறித்துக்கொண்டு அவ எங்களுக்குக் கிட்ட வந்தா. வாங்கோ என்று சொல்லுமுன் என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு முறை மூச்சை இழுத்தா. பிறகுதான் உள்ளே கூட்டிக்கொண்டு போய், பெண்ணின் கழுத்து நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து, முன்வரிசையில் இருத்தினா.